அலுமாரிக்குள் வைத்த கொப்பி

"விசர்க் குளிசை குடிச்சுக் குடிச்சே அவட நாக்கு செத்துப்போச்சு" என்று போன கிழமையும் ஒரு மவுத்து வீட்டில் ஒருத்தி சொன்னாள். நான் பக்கத்துப் பாயில் இருந்தேன். சாவு நடந்த வீடு என்பதால் வாயை மூடிக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன். இத்தனை வருசமாக இந்த ஊர் இதே பொய்யைச் சொல்லிக்கொண்டு திரிகிறது. பைத்தியத்துக்குக் கொடுக்கிற மாத்திரை என்று அவர்கள் சொல்லும் அந்தக் குளிசை தன்பாட்டில் ஒன்றும் செய்யவில்லை. செய்தது நாங்கள்.

சாச்சியின் பெயரை இங்கே எழுதமாட்டேன். என் உம்மாவின் ஒரே தங்கச்சி, அவ்வளவு போதும். பெயரை எழுதினால் அதற்கு முன்னால் ஊர் ஒட்டிவைத்த சொல்லும் கூடவே வந்து நிற்கும். அந்தச் சொல்லை அவள் பெயரோடு சேர்த்து என் கையால் எழுத எனக்கு மனமில்லை.

கல்முனைக்குத் தெற்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வயலுமாகக் கிடக்கும் ஊர் எங்களுடையது. சாச்சி எங்களோடுதான் இருந்தாள். பிள்ளை இல்லை. கட்டியவன் அவளுக்கு முதல்முறை அந்த மனநோய் வருத்தம் வந்ததும் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன்தான், பிறகு எங்கள் வீட்டு ஒழுங்கையால் நடந்ததேயில்லை. பின்வளவில் பெரிய கிடாரம் வைத்து நெல் அவித்து, காயவைத்து, அரிசியாக்கி விற்றாள். நெல் அவிக்கிற ஆவிக்குள் நின்றுகொண்டு அவள் போடுகிற சத்தம் றோட்டு வரைக்கும் கேட்கும்.

அவளிடம் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கேள்வி இருந்தது. "என்னத்துக்கு?" பள்ளிவாசல் லெப்பைக்கும் அதுதான், சங்கக்கடை மனேஜருக்கும் அதுதான். நான் பெரிய பிள்ளையானதும் உம்மா என்னைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தினாள். சாச்சி சண்டை பிடிக்கவில்லை. சோறு போடும்போது அக்காவிடம் கேட்டாள், "என்னத்துக்கு ராத்தா?" பாய் விரிக்கும்போது கேட்டாள், "இல்ல, என்னத்துக்கு எண்டு சொல்லுங்களன்." மூன்று நாள். நாலாம் நாள் உம்மா என் வெள்ளைச் சட்டையைத் தானே தோய்த்துக் காயப்போட்டாள். நான் பிறகு படிப்பிக்கப் போனதும், இப்போது பென்சன் எடுப்பதும் அந்த மூன்று நாளால்தான்.

அவளுக்கு வருத்தம் இருந்தது மெய்தான். இல்லையென்று பூசி மெழுக நான் வரவில்லை. இரண்டு தரம் வந்தது. இரண்டாம் தரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு நாள் கண்ணை மூடவில்லை. முற்றத்தில் காய்ந்த நெல்லையெல்லாம் றோட்டில் போகிற வருகிறவர்களுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தாள். தான் பொத்துவிலுக்கு நடந்து போய், கடற்கரை முழுக்கக் கிணறு வெட்டப் போவதாகச் சொன்னாள். பிறகு ஒரேயடியாகச் சுருண்டு, சுவரைப் பார்த்தபடி மாதக்கணக்கில் கிடந்தாள். ஓதிப் பார்த்தார்கள், நூல் கட்டினார்கள், தண்ணீர் ஊதிக் கொடுத்தார்கள். கடைசியில் வாப்பாதான் கொழும்புக்குக் கொண்டுபோனார். அங்கே தொடங்கியதுதான் அந்த லித்தியக் குளிசை. அதன் பிறகு ஏழு வருசம் அவள் நெல் அவித்தாள், சிரித்தாள், சண்டை பிடித்தாள், இரவில் நித்திரை கொண்டாள். அந்தக் குளிசையைத்தான் இப்போது ஊர் பழி சொல்கிறது.

மட்டக்களப்புக்கு மாதத்தில் ஒருநாள் கொழும்பிலிருந்து ஒரு மனநோய் டொக்டர் வருவார். சாச்சியோடு நான்தான் பஸ்ஸில் போவேன். மற்ற வருத்தக்காரர்கள் மருந்துத் துண்டுச் சீட்டை நீட்டி மருந்தை வாங்கிக்கொண்டு போவார்கள். இவள் கதிரையில் சாய்ந்து இருந்துவிடுவாள்.

"இது என்னத்துக்கு டொக்டர்? உள்ளுக்குப் போய் என்ன செய்யிது?"

அந்த மனிசன் நல்லவர். பேனையை மூடிவைத்துவிட்டுச் சொன்னார். "இதுவும் ஒரு மாதிரி உப்புத்தான். நீங்க கறிக்குப் போடுற உப்பக் குறைச்சா, உங்கட உடம்பு இந்த உப்ப வெளிய விடாமப் புடிச்சு வெச்சிக்கும். அது கூடினா நஞ்சு. அதனால உப்பைத் திடீரெண்டு குறைக்காதீங்க, தண்ணி நல்லாக் குடியுங்க. வேற ஆர் என்ன மருந்து தந்தாலும் எனக்குச் சொல்லாமக் குடிக்கவேணாம். கை நடுங்கினா, நாக்குத் தடிச்சா, அடுத்த மாசத்துக்கு நிக்காம ஓடி வாங்க." மருந்து விபரம் குறிக்கிற அவள் கொப்பியிலும் அதை எழுதினார். மூன்று மாதத்துக்கொரு தடவை இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சாச்சி எனக்கு விளக்கம் சொன்னாள். "விளங்கிச்சா புள்ள? வாய்க்கால்ல தண்ணி குறைஞ்சா சேறு படியுதுதானே. அதான் கணக்கு." பிறகு தனக்குள் சிரித்தாள். "என்ட விசருக்கு அல்லாஹ் உப்பையா மருந்தாப் படைச்சான்!" நாடா கட்டிய மஞ்சள் மட்டைக் கொப்பி அது. பாட்டுப் பாடமாக்குவதுபோல அதிலிருந்ததை அவள் பாடமாக்கி வைத்திருந்தாள். தன் வருத்தத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு எங்கள் ஊரில் எந்தப் பெரிய மனிசனுக்கும் தெரியாது.

ஆனால் எங்கள் வீட்டில் ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. சாச்சி குரலை உயர்த்தினால் போதும், யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "குளிசை குடிச்சியா?"

சாகாமத்துப் பக்கம் உம்மாவுக்கும் சாச்சிக்கும் தாய் வழியில் வந்த வயல் துண்டு இருந்தது. ஒரு கோடை போகத்தில் சாச்சியின் பாதிக்கு மட்டும் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் பங்கிடுகிற வட்டைவிதானையிடம் எங்கள் வீட்டு ஆண்கள் போய்க் கேட்டுவிட்டு, அவர் சொன்னதற்குத் தலையை ஆட்டிவிட்டு வந்தார்கள். சாச்சி முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வெயிலில் வாய்க்கால் நெடுக நடந்தாள். மேல் வயல்காரன் வாய்க்கால் வாயில் சாக்குக்குள் மண்ணை நிரப்பி அடைத்திருந்தான். சாச்சி அந்தச் சேற்றுச் சாக்கை இழுத்தெடுத்து, தோளில் போட்டுக்கொண்டு போய் வட்டைவிதானையின் முன்னால் தொப்பென்று போட்டாள். "என்னத்துக்கு இது அங்க கெடந்திச்சு?"

அந்த ஆள் அதற்கான பதிலை வெள்ளிக்கிழமை பள்ளியில் வாப்பாவிடம் சொல்லியிருக்கிறார்: "உங்கட மச்சிக்குக் குளிசை முடிஞ்சிட்டுப்போல." வாப்பா வீட்டுக்கு வந்து சாக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "குளிசை குடிச்சியாகா?" என்றுதான் கேட்டார். "குடிச்சன் மச்சான். குடிச்சிட்டுத்தான் போனன். அந்தச் சாக்கு எங்க ரெண்டு பேர்ட கண்ணுக்கும் தெரிஞ்சிதானே" என்று சாச்சி, சாட்சியைக் காட்டுவதுபோல என்னைக் காட்டினாள். நான் வாப்பாவுக்குப் பயத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். சீ! அப்போதே என் லட்சணம் அதுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கலியாணம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளை பக்கத்து ஊர், அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். எங்கள் பக்கத்தில் குடி என்கிற வம்சம் தாய் வழியால் வருவது. பெண்ணை விசாரிக்கிறவர்கள் வாப்பாவின் ஆட்களைப் பெரிதாகப் பார்க்கமாட்டார்கள். உம்மா எந்தக் குடி, உம்மாவின் தங்கச்சி எப்படி என்றுதான் துருவுவார்கள். அந்தத் தங்கச்சியிடம் மட்டக்களப்பு மனநோய் டொக்டர் எழுதிய ஒரு கொப்பி இருந்தது. உம்மாவுக்கு நித்திரை போய்விட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் சாச்சி கிடாரத்தடியில் தலை சுற்றி விழுந்தாள். பிரசர்தான் என்று உம்மாவுக்கே தெரிந்துவிட்டது, குடும்பத்தில் இருந்த வருத்தம்தான்; சந்தியில் தனியாக மருந்துச்சாலை வைத்திருந்த ஒரு டொக்டரிடம் காட்டச் சொன்னாள். ஆனால் அந்த மருந்துச்சாலையில் குளிசை எண்ணிப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறவள் மாப்பிள்ளையின் மாமி மகள்.

சாச்சி மஞ்சள் கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். உம்மா வாசல் படலையை மறித்து நின்றாள்.

"அத வெச்சிட்டுப் போ."

"என்னத்துக்கு ராத்தா? இதக் காட்டித்தானே மற்ற மருந்து வாங்கணும். அந்த டொக்டர் எழுதியிரிக்கார்."

"அவள் அங்க இரிக்காள். கொப்பியக் கண்டா நாளைக்குள்ள மாப்பிள வீட்டுக்குப் போயிரும். இந்தப் புள்ளட வாழ்க்கைய நாசமாக்கப் போறியா? கலியாணம் முடியட்டும். மறுகா எந்த டொக்டர்ட்டயும் போய் என்னத்தையும் காட்டு."

சாச்சி என்னைப் பார்த்தாள். நான் 'பரவாயில்ல, கொண்டு வாங்க' என்று சொல்லியிருக்கலாம். ஒரு வசனம். நான் கையை நீட்டினேன். அவள் கொப்பியை என் கையில் தந்தாள். நான் அதை அலுமாரிக்குள், கலியாணத்துக்கு எடுத்துவைத்திருந்த கூறைச் சீலைக்குக் கீழே செருகிப் பூட்டினேன்.

சந்தி டொக்டர் பிரசர் பார்த்தார். தலை நிமிராமல் எழுதிக்கொண்டே கேட்டார், "வேற ஏதும் மருந்து குடிக்கிறீங்களா?"

சாச்சி வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"இல்ல டொக்டர்."

மருந்து கட்டுகிறவள் தட்டி மறைப்புக்கு அப்பால் நின்று எங்களைப் பார்த்தாள், பிறகு போத்தலுக்குள் பார்த்தாள். டொக்டர் நீர் போகிற குளிசை எழுதினார். "உப்பை அடியோட விடுங்க" என்றார். இந்த உலகத்தில் எல்லோரிடமும் என்னத்துக்கு என்று கேட்ட சாச்சி அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. றோட்டுக்கு வந்த பிறகு மெதுவாகச் சொன்னாள்: "உப்பை விடக்குடாதே புள்ள. அந்த டொக்டர்ட்ட ஒருக்காக் கேக்கணும்."

"கலியாணத்துக்கு இன்னும் ஒரு மாசந்தானே சாச்சி. மறுகா போவம்" என்றேன்.

"ஓம்" என்றாள். எனக்காகத்தான் அந்த ஓம்.

அந்த மாதம் மட்டக்களப்புக்குப் போகவில்லை, இரத்தமும் எடுக்கவில்லை. உம்மா அவளுக்கு உப்பில்லாத கறி தனியாக வைத்தாள், கருவாட்டைக் கண்ணிலும் காட்டவில்லை. நீர்க் குளிசையையும் முன்பு வாங்கி மிச்சமிருந்த லித்தியத்தையும் நேரம் தவறாமல் தானே எடுத்துக் கொடுத்தாள். உம்மா கெட்டவள் என்று நினைக்கவேண்டாம். தங்கச்சியின் உயிரைத் தான் காப்பதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். அதை நினைக்கத்தான் எனக்கு இன்னும் பற்றியெரிகிறது.

இரண்டு கிழமையில், பதினாலு நாளைக்குள், சாச்சியின் கை நடுங்கத் தொடங்கியது. தேத்தண்ணிக் கோப்பை வாய்க்குப் போகுமுன் மடியில் ஊற்றும். வயிற்றால் போனது, சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தாள். நடந்தால் சுவரைப் பிடித்தாள். பேச்சு குழறியது. வந்த சனம் பார்த்துவிட்டு, "பழையது திரும்பிட்டுப்போல" என்று உம்மாவின் காதுக்குள் சொன்னது. உம்மாவும் அப்படியே நம்பினாள். கலியாணம் நெருங்குகிற பயத்தில் அவளே ஒரு வைத்தியம் செய்தாள். இரவில் இரண்டு லித்தியம் கொடுத்த இடத்தில் மூன்று கொடுத்தாள்.

"என்னத்... துக்கு... கூட்ட..." என்று சாச்சி உம்மாவின் கையைத் தள்ளினாள். "இது... விசரில்ல ராத்தா... உப்பு..."

"உப்பு வேணுமாம். டொக்டர் வேணாமெண்டது இவக்கு வேணுமாம்" என்றாள் உம்மா. பிறகு என்னிடம் திரும்பி, "பாத்தியா, குளிசையத் தள்ளுறா. வருத்தம் மூத்திட்டு" என்றாள். நான் சாச்சியின் தலையைப் பிடித்துக்கொண்டேன். உம்மா வாய்க்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். வாய்க்கால், சேறு, எல்லாம் எனக்கு விளக்கிச் சொன்னவள் என் இரண்டு கைக்கும் நடுவில் கிடந்தாள். எனக்கு நினைவு வரவில்லையா? வந்தது. கலியாணம் முடியட்டும் என்று அதை உள்ளே தள்ளிவிட்டேன்.

கலியாண வீட்டுக்கு ஆட்கள் வரத்தொடங்கியதும் சாச்சியைப் பின்னறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். குரவைச் சத்தத்துக்குள் அவள் கூப்பிட்டாளோ என்னவோ தெரியாது. எங்கள் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் வந்து இருப்பார். ஆக, சாச்சி அடைபட்டுக் கிடந்த வீட்டுக்குள்தான் அவர் மாலையோடு வந்து ஏறினார்.

மூன்றாம் நாள் காலை அவர் பின்வளவுக் கிணற்றுக்குக் குளிக்கப் போனவர், முனகலைக் கேட்டு அந்தக் கதவைத் திறந்துவிட்டார். சாச்சி நிலத்தில், தன் சத்திக்குள், கண் செருகி, கைகால் வெட்டிக்கொண்டு கிடந்தாள். புது மாப்பிள்ளை குளிக்கக் கட்டிய சாறனோடு அவளைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்.

"ஆர் இது? என்ன நடந்த? சொல்லுங்களன்!"

உம்மா முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "மறைச்சது பிழதான் மகன். என்ட தங்கச்சி. விசர்..."

"உங்கட தங்கச்சி குளிசை குடிக்கிறது எங்கட ஊட்ட எல்லாருக்கும் தெரியும் மாமி" என்றார் அவர். "பொண்ணு கேட்டு வரக்குள்ளயே தெரியும். அதுக்கா இந்த மனிசிய இப்பிடிப் போட்டு வெச்ச?"

அந்த முற்றத்தில் அப்போதே நான் செத்திருக்கவேண்டும். சாகவில்லை. அலுமாரியைத் திறந்து, கூறைச் சீலையை இழுத்தெறிந்துவிட்டு, கொப்பியை எடுத்துக்கொண்டு, சந்தி டொக்டரின் மருந்துத் துண்டோடு காரில் ஏறினேன்.

மட்டக்களப்புப் பெரிய ஆசுபத்திரியில் ஒரு இளம் டொக்டர் மஞ்சள் கொப்பியையும் சந்தி டொக்டரின் துண்டையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டு நிமிசம் பார்த்தார். லித்தியத்தையும் நீர்க் குளிசையையும் உடனே நிறுத்தச் சொல்லி, சேலைன் ஏற்றினார். உப்புத் தண்ணீர்தான், வேறொன்றுமில்லை. சாச்சி கேட்ட அதே உப்பு. "இந்த ரெண்டையும் ஒராள் ஒண்டாப் பாத்திருந்தாப் போதும்" என்று மட்டும் சொன்னார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மருந்து கட்டுகிறவள், இப்போது எனக்கு மச்சி முறை, வருத்தம் பார்க்க ஒறேஞ்சோடு வந்தாள். நான் விடவில்லை. "உங்களுக்கும் தெரியுந்தானே. அண்டைக்கு டொக்டர்ட்ட ஏன் சொல்லல்ல?"

அவள் மெய்யாகவே திகைத்துப்போனாள். "நீங்க இல்லெண்டு சொல்லக்குள்ள நான் எப்பிடி மச்சி ஓமெண்ட? பொண்ணூட்டு ஆக்கள அத்தின பேருக்கு முன்னால கேவலப்படுத்தலாமா?"

யா அல்லாஹ் என்று தலையிலடித்துக்கொள்ள எனக்குக் கை வரவில்லை. நாங்கள் அவர்களுக்குத் தெரியக்கூடாதென்று மறைத்தோம். அவர்கள் தெரிந்ததைக் காட்டினால் எங்களுக்கு மரியாதையில்லையென்று மறைத்தார்கள். இரண்டு குடும்பமும் ஒருவரையொருவர் மதித்த மதிப்பை எல்லாம் சாச்சிதான் குடித்தாள்.

அவள் பிழைத்தாள். நடுக்கம் குறைந்தது, தடியூன்றி நடந்தாள். மட்டக்களப்பு டொக்டர் வேறு குளிசைக்கு மாற்றினார், பிரசருக்கும் அதோடு ஒத்துப்போகிற மருந்தைத் தானே எழுதினார். மனமும் சரியாகத்தான் இருந்தது. நாக்கு மட்டும் திரும்பி வரவில்லை. அந்த நஞ்சு மூளையில் ஏதோ ஒரு மூலையைத் தின்றுவிட்டது, இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வசனம் சொல்ல அவளுக்கு அரைமணி நேரம் வேண்டும். கேட்க யாருக்கு அரைமணி நேரம் இருந்தது? வட்டைவிதானை நிம்மதியாக இருந்தார். லெப்பை நிம்மதியாக இருந்தார். சாச்சிக்கு இப்போது எவ்வளவு குணம், வாய் காட்டுவதேயில்லை என்று ஊர் மெச்சியது. குளிசை குடிச்சியா என்று அவளை அதன்பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

அவள் மவுத்தாவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு பகல், வளவில் நான் அவளுக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தேன். உம்மா உள்ளே தொழுதுகொண்டிருந்தாள். சாச்சி திரும்பி என் கையைப் பிடித்தாள். வாயைக் கோணி, ஒவ்வொரு சொல்லாக இழுத்து, வியர்த்து வழிய, கேட்டாள்.

"என்... னத்துக்கு... புள்ள... இல்லெண்டு... சொன்ன?"

அதில் கோபம் இல்லை. சாக்கைப் பற்றிக் கேட்டதுபோல, என் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டதுபோல, பதில் வேண்டிக் கேட்டாள்.

"என்ன சாச்சி? விளங்கல்லயே" என்றேன்.

அவள் இன்னொரு தரம் முயன்றாள். நான் காதைக் கிட்டக் கொண்டுபோய், தலையை ஆட்டி, "விளங்கல்ல சாச்சி" என்று திரும்பவும் சொன்னேன். அவள் என் கையை விட்டுவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். நான் சீப்பை எடுத்து மிச்சத் தலையை இழுத்து முடிந்தேன்.

விளங்கியது. முதல்தரமே, ஒரு எழுத்து விடாமல் விளங்கியது.